அன்பளிப்பும் அமானிதமும்

கத்தரிக்காய் வாங்குபவர் புரட்டிப் பார்த்து, விலை பேசி வாங்குகிறார். மருந்தை அப்படி வாங்க முடியுமா? தேர்ந்தெடுப்பவர் டாக்டர், காசு கொடுப்பவர் நோயாளி. கெடாரிலிருந்து விழுப்புரத்துக்குப் பஸ் ஏறிப் போகும் கூலித் தொழிலாளி, சீட்டில் எழுதியிருக்கும் மருந்தைத்தான் கடையில் கேட்பார். ஆகவே டாக்டரின் பேனா ஓர் அமானிதம்.

அந்தப் பேனாவைத் தேடித்தான் மருந்துக் கம்பெனிகளின் பரிசுகள் வருகின்றன. டாக்டர்கள் இவற்றைப் பெறக்கூடாதென 2009 டிசம்பரில் இந்திய மருத்துவக் கவுன்சில் தடை விதித்தது. சென்னையின் அபெக்ஸ் லேபரட்டரீஸ் கம்பெனியோ, ‘ஜின்கோவிட்’ மருந்துக்காக டாக்டர்களுக்கு வழங்கிய அன்பளிப்புகளின் செலவு சுமார் 4 கோடியே 72 லட்சம் ரூபாயை வியாபாரச் செலவாகக் காட்டி வரிக்கழிவு கேட்டது. தடை டாக்டர்களுக்குத்தானே, கம்பெனிக்கு இல்லையே என்றும் வாதாடியது. 2022 பிப்ரவரி 22-ல் உச்ச நீதிமன்றம் இதை நிராகரித்தது. இத்தகைய பரிசுகளின் செலவு மருந்தின் விலையில்தான் ஏறுகிறது என்றும் சுட்டிக்காட்டியது. டாக்டருக்குப் பரிசு கொடுத்தவர் உண்மையில் யார்? அந்தக் கூலித் தொழிலாளியே!

“பரிசு வாங்கினாலும் என் பேனா மாறாது” என்று சில டாக்டர்கள் மனதாரச் சொல்லக்கூடும். ஆனால் பயனில்லாத இடத்தில் வியாபாரி பணத்தைக் கொட்டுவானா? அமெரிக்காவில் சுமார் 2,80,000 டாக்டர்களைப் பற்றி 2016-ல் வெளியான ஆய்வில், கம்பெனியிடம் ஒரே ஒரு வேளை உணவு பெற்றவர்கள்கூட அக்கம்பெனியின் மருந்தைக் கூடுதலாக எழுதியிருந்தது தெரிந்தது.

ஜகாத் வசூலித்துத் திரும்பிய இப்னுல் லுத்பிய்யா, ஒரு பகுதியைத் தமக்கு வந்த அன்பளிப்பென்று ஒதுக்கிக்கொண்டார். தாய் தந்தையர் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தால் அது அவரைத் தேடி வந்திருக்குமா என்று நாயகம் (ஸல்) அவர்கள் கேட்டார்கள். அவர் மனம் மாறியதா என்பதல்ல கேள்வி. பொருள் எதற்காக வந்தது என்பதே கேள்வி. டாக்டர்களுக்கும் இதுவே உரைகல்.

இதைக் கொண்டு எல்லா டாக்டர்களையும் சந்தேகிப்பது தகாது. நாமாக மருந்தை மாற்றுவதும் ஆபத்து. விலை கூடியதே நல்ல மருந்து என்ற எண்ணத்தை விட்டு, “இதே மருந்து குறைந்த விலையில் உண்டா?” என்று டாக்டரிடமே பணிவாகக் கேட்கலாம். மகனோ மகளோ டாக்டர் என்று பெருமைப்படும் பெற்றோர், வீட்டுக்கு வந்த பரிசு எதற்காக வந்தது என்றும் கேட்க வேண்டும்.

அமானிதம் பேணுவோராக அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கியருள்வானாக! ஆமீன்.