தேவதூதன் தந்த பட்டியல்

‘ஃப்ரெயில்ட்டி’ பார்த்தவர்கள் இரண்டு பேர் சேர்ந்தால் பேச்சு தானாகவே அந்தக் கடைசிக் கால்மணி நேரத்துக்கு வந்துவிடும். எங்கள் வீட்டிலும் படம் முடிந்த ராத்திரி அதுதான் நடந்தது. “அத்தை, அதுவரைக்கும் எவ்வளவு அருமையா கொண்டுவந்தான்! கடைசில கவுத்துட்டானே” என்றான் என் தம்பி மகன். படத்தைத் தேடிப் போட்டவனே அவன்தான். அவன் மனைவிக்கு நேர் எதிரான கட்சி. “அந்த முடிவு இல்லேன்னா இதுவும் இன்னொரு சைக்கோ படம். அந்த முடிவுதான் அத்தை என்னைத் தூங்க விடாது” என்றாள். என் கணவர், “கடவுளைக் கொலைக்குக் கூட்டாளியா ஆக்கிட்டாங்க” என்று மட்டும் சொன்னார். அதற்குமேல் விவாதத்துக்கு அவர் வரவில்லை.

நான் அந்தப் பெண்ணின் கட்சி. முடிவு அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஆனால் அந்த முடிவு சொல்லும் தீர்ப்பை ஏற்க மாட்டேன். இரண்டும் ஒன்றுக்கொன்று முரண் இல்லை என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். படத்தின் ரகசியத்தை உடைக்காமல் இதைப் பேச வழியில்லை. இனிமேல்தான் பார்க்கப் போகிறவர்கள் பார்த்துவிட்டு வந்து படிக்கலாம்.

பில் பாக்ஸ்டனை நமக்கு நடிகராகத் தெரியும். ‘டைட்டானிக்’ படத்தில் கடலுக்கடியில் வைரம் தேடுகிறவர் அவர்தான். டெக்சாஸ்காரர். 2017-இல் காலமானார். அவர் இயக்கிய முதல் முழுநீளப் படம் இது. 2001-இல் எடுத்து முடித்து, 2002 ஏப்ரலில் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்தது. எழுதியவர் பிரெண்ட் ஹான்லி. ‘ஜாஸ்’ படத்துக்குக் கேமரா பிடித்த பில் பட்லர் இதற்கும் ஒளிப்பதிவு செய்தார். விமர்சகர் ரோஜர் ஈபர்ட் நான்கு நட்சத்திரம் கொடுத்தார். அப்படியும், தொடர்கொலைப் படங்கள் என்றவுடன் எல்லோர் வாயிலும் வருவது ‘செவன்’, ‘த சைலன்ஸ் ஆஃப் த லாம்ப்ஸ்’, ‘சோடியாக்’தான். இந்தப் படத்தைச் சொல்ல ஆளில்லை. ரத்தம் காட்டாதது ஒரு காரணமாக இருக்கலாம். கோடாலி ஓங்கும், ஆனால் விழுகிற இடத்தைக் கேமரா காட்டாது. என்னைப் போன்றவர்கள் உட்கார்ந்து பார்க்க முடிந்ததே அதனால்தான்.

கதை 1979-இல் டெக்சாஸின் ஒரு சிற்றூரில் நடக்கிறது. மனைவியை இழந்த ஒரு மெக்கானிக், இரண்டு பையன்கள், வீட்டை ஒட்டி ஊரின் ரோஜாத் தோட்டம். பாக்ஸ்டனே நடித்திருக்கும் அந்தத் தகப்பனுக்குப் படத்தில் பெயரே கிடையாது, அப்பா மட்டும்தான். பிள்ளைகளிடம் குரல் உயர்த்தத் தெரியாத மனிதர். ஒரு நடுராத்திரியில் பையன்களை எழுப்பி உட்கார வைத்து, தேவதூதன் வந்தான், உலகத்தில் மனித உருவில் பிசாசுகள் திரிகின்றன, அவற்றை அழிக்க நம் குடும்பத்தைக் கடவுள் தெரிந்தெடுத்தார் என்கிறார். பிறகு ஆயுதங்கள் வருகின்றன: ஒரு கோடாலி, கையுறை, ஓர் உலோகக் குழாய். பிறகு பெயர்ப் பட்டியல். பட்டியலில் உள்ள ஒவ்வொருவரையும் தூக்கிவந்து வெறுங்கையால் தொடுவார். தொட்டதும் உடம்பு அதிரும். அவர்கள் செய்த பாவம் தெரிகிறது என்பார். பிறகு கோடாலி. பிறகு ரோஜாத் தோட்டத்தில் குழி.

இளையவன் ஆடம், “எனக்கும் தெரிஞ்சுது அப்பா” என்கிறான். மூத்தவன் ஃபென்டனுக்கு ஒன்றும் தெரியவில்லை. அவனுக்குத் தெரிவதெல்லாம் வாயைக் கட்டிப் போட்டிருக்கும் ஒரு பெண், அவள் கண்கள், தன் அப்பாவின் கையில் இருக்கும் கோடாலி. அவ்வளவுதான். நாமும் அவன் கண்ணால்தான் பார்க்கிறோம். அப்பாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று முடிவு கட்டிவிடுகிறோம். அப்போதுதான் கடைசிக் கால்மணி நேரம் வந்து அந்த முடிவைப் பிடுங்கிப் போடுகிறது. அப்பா தொட்டபோது கண்டது எல்லாம் உண்மை. வாயைக் கட்டிப் போட்டிருந்த அந்தப் பெண், ஒரு செவிலி, கொலைகாரி. பிறகு தூக்கிவந்த கிழவர் குழந்தைகளைக் கொன்றவர். ஃபென்டன் என்று சொல்லிக்கொண்டு வந்த வளர்ந்த மகனின் வாயிலிருந்து இந்தக் கதையை ராத்திரி முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்த எஃப்.பி.ஐ. அதிகாரியும் தன் தாயைக் கொன்றவர். கதை சொன்னவன் ஃபென்டனே இல்லை, ஆடம். அவனைப் பிடிக்க எஃப்.பி.ஐ. பார்க்கும் கேமராப் பதிவில் அவன் முகம் மட்டும் கலங்கிப்போகிறது. கடவுள் காக்கிறாராம்.

நான் பாளையங்கோட்டையில் முப்பது வருஷத்துக்கு மேல் ஞாயிறு பள்ளியில் பாடம் எடுத்தவள். ஆதியாகமம் 22-ஆம் அதிகாரத்தைப் பிள்ளைகளுக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். ஆபிரகாம் மகன் ஈசாக்கை மோரியா மலைக்குக் கூட்டிப்போகிறார், விறகை அவன்மேலேயே ஏற்றுகிறார், கத்தியை ஓங்குகிறார், தேவதூதன் தடுக்கிறான், புதரில் ஆட்டுக்கடா. கடா வந்ததும் பிள்ளைகள் மூச்சு விடுவார்கள். அதற்கப்புறம் வரும் ஒரு வசனத்தை நாங்கள் வேகமாகக் கடந்துவிடுவோம். மலையிலிருந்து ஆபிரகாம் வேலைக்காரர்களிடம் திரும்பி வந்தார் என்று இருக்கிறது. ஈசாக்கும் கூட வந்தான் என்று இல்லை. அடுத்த அதிகாரத்தில் தாய் சாராள் இறந்துபோகிறாள். நியாயாதிபதிகளின் புத்தகத்தில் தகப்பனின் பொருத்தனைக்குப் பலியான யெப்தாவின் மகளுக்கு எந்தத் தேவதூதனும் வரவில்லை. அவள் கதையை ஞாயிறு பள்ளியில் எடுக்கவே மாட்டோம்.

அடுத்த வீட்டு அக்கா தேவாரம் ஓதுகிறவர். படத்தின் கதையைக் கேட்டுவிட்டு உடனே சிறுத்தொண்டரைச் சொன்னார். பைரவர் கேட்டார் என்று மகன் சீராளனைத் தாய் பிடித்துக்கொள்ளத் தகப்பன் அரிந்து கறி சமைத்த கதை. கூப்பிட்டதும் பள்ளிக்கூடத்திலிருந்து வருவதுபோல் பிள்ளை ஓடிவந்துவிடுகிறான். “பிள்ளை திரும்பி வரலேன்னா அந்தக் கதையை நாங்க பாடியிருக்க மாட்டோம்மா” என்றார் அக்கா. ஆட்டுக்கடாவும் ஓடிவரும் சீராளனும் நம்மை ஒரு கேள்வியிலிருந்து தப்ப வைக்கிறார்கள். ஃப்ரெயில்ட்டியில் தடுக்கும் கையும் இல்லை, திரும்பி வருகிறவர்களும் இல்லை. அந்தக் கேள்வியை அந்தப் படம் அப்படியே வைக்கிறது.

“பைத்தியம்” என்ற பதில் எவ்வளவு வசதியானது என்பது நீதிமன்றங்களைப் பார்த்தால் தெரியும். படம் முடிந்த அதே 2001-இல் டெக்சாஸின் ஹூஸ்டனில் ஒரு தாய் தன் ஐந்து பிள்ளைகளைக் கொன்றாள். 2003-இல் அதே மாநிலத்தில் டைலர் நகருக்குப் பக்கத்தில் இன்னொரு தாய் இரண்டு மகன்களைக் கொன்றாள். இரண்டு வழக்கிலும் ஒரே மனநல மருத்துவர் சாட்சி சொன்னார். முதல் தாய் அந்த எண்ணம் சாத்தானிடமிருந்து வந்ததாக நினைத்தாள், ஆகவே தவறு என்று அவளுக்குத் தெரியும் என்றார். இரண்டாமவள் கடவுளே கட்டளையிட்டதாக நம்பினாள், ஆகவே தவறு என்று தெரிந்திருக்க வழியில்லை என்றார். இரண்டாமவள் 2004-இல் மனநோயின் பேரில் விடுவிக்கப்பட்டாள். முதலாமவளுக்கு 2002-இல் தண்டனை விழுந்து, மறுவிசாரணையில் 2006-இல்தான் அதே தீர்ப்பு கிடைத்தது. கேட்ட குரல் யாருடையது என்று அந்தப் பெண் நினைத்தாள் என்பதில் ஒரு வழக்கே தொங்கியது. உண்மையிலேயே அது யார் குரல் என்று நீதிமன்றம் கேட்க முடியாது. ஹான்லியின் கதை அதைக் கேட்கிறது: சரி, கடவுள்தான் சொன்னார் என்றே வைத்துக்கொள், இப்போது என்ன சொல்கிறாய்?

தத்துவஞானி காண்ட் 1798-இல் ஒரு பதில் எழுதிவைத்தார். மகனைக் கொல்லக்கூடாது என்பது நிச்சயம், பேசுகிற நீ கடவுள் என்பது நிச்சயமில்லை என்று ஆபிரகாம் சொல்லியிருக்க வேண்டும் என்பது அதன் சாரம். நல்ல பதில்தான். ஆனால் படம் அந்த நிச்சயமின்மையையும் எடுத்துவிடுகிறதே. பிளேட்டோவின் ‘யூதைஃப்ரோ’ உரையாடல் இன்னும் கிட்டத்தில் வருகிறது. தன் தகப்பன்மேல் கொலைக்குற்றம் சாட்ட வந்த மகன் யூதைஃப்ரோ. கூலியாள் ஒருவன் குடிபோதையில் வீட்டு அடிமையைக் கொன்றுவிட, தகப்பன் அவனைக் கைகால் கட்டிக் குழியில் போட்டுவிட்டு, என்ன செய்யலாம் என்று மத அறிஞரிடம் கேட்டுவர ஏதென்ஸுக்கு ஆள் அனுப்புகிறார். பதில் வருவதற்குள் அவன் பசியிலும் குளிரிலும் செத்துப்போகிறான். குழியில் கிடந்தவன் கொலைகாரன்தானே என்று வீட்டார் எல்லோரும் மகனை ஏசுகிறார்கள். ஃபென்டனும் போலீசிடம் ஓடினான். ஷெரிஃப் வீட்டுக்கு வந்தார். அப்பா அவரைக் கொன்றார். பட்டியலில் இல்லாத மனிதர் அவர் ஒருவர்தான். அன்று அப்பா உடைந்துபோகிறார். தான் கொலை செய்ததே அன்றுதான் என்று நம்புகிறார், அதற்குக் காரணம் நீதான் என்று மகனைச் சாடுகிறார்.

அந்த அப்பாவின் நேர்மையைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை. ஒரு நாள் ஆடம் தானே ஒரு பட்டியல் எழுதிக்கொண்டு வருகிறான். தன்னை வம்புக்கு இழுக்கும் பையன்களின் பெயர்கள். அப்பா பொறுமையாக மறுக்கிறார்: நாமாகப் பெயர் எழுதினால் அது கொலை, கடவுள் கொடுத்தால் மட்டுமே பிசாசை அழிப்பது. தன் கோபத்தைக் கடவுள் தலையில் கட்டுகிற ஆள் இல்லை அவர். படத்தில் என்னை மிகவும் நடுங்க வைத்த காட்சி இதுதான். ஒரு மனிதனைக் கோடாலியால் வெட்டுவதற்கும் ஊழியம் செய்வதற்கும் இடையில் இருக்கும் வித்தியாசம், தாளில் எழுதியது யார் என்பது மட்டும்தான்!

இங்கேதான் எனக்கு அப்போஸ்தலர் நடபடிகளின் 9-ஆம் அதிகாரம் ஞாபகம் வந்தது. தமஸ்குவில் அனனியா என்று ஒரு சீஷன். அவனுக்குத் தரிசனத்தில் ஒரு பெயர் கொடுக்கப்படுகிறது. தெருவும் சொல்லப்படுகிறது: நேர்த்தெரு, யூதா என்பவன் வீடு, சவுல். அவனிடம் போ என்று கட்டளை, அவன்மேல் கை வைக்கப்போவதும் தரிசனத்திலேயே சொல்லப்படுகிறது. தரிசனம், பெயர், தொடும் கை, மூன்றும் அந்த டெக்சாஸ் மெக்கானிக்குக் கிடைத்தவைதான். சவுலும் சாதாரண ஆள் இல்லை. ஸ்தேவானைக் கல்லெறிந்து கொன்றதற்குச் சம்மதித்து நின்றவன், வீடுவீடாகப் புகுந்து ஆண்களையும் பெண்களையும் சிறையில் போட்டவன். அந்த நேரம் யாராவது அவனைத் தொட்டுப் பார்த்திருந்தால் ஸ்தேவானின் சாவைத்தான் கண்டிருப்பார்கள். கண்டது உண்மையாகவும் இருந்திருக்கும். அனனியா என்ன செய்கிறான்? முதலில் கர்த்தரிடமே வாதாடுகிறான், இவன் எவ்வளவு பொல்லாங்கு செய்தவன் தெரியுமா என்று. பிறகு போகிறான். கை வைக்கிறான். சகோதரனே என்று கூப்பிடுகிறான். சவுலின் கண்ணிலிருந்து செதிள்கள் விழுகின்றன.

அந்தப் படத்தின் தேவதூதனை நான் நம்பாததற்குக் காரணம் இது. அவன் காட்டியவை பொய் என்பதால் இல்லை. அவன் ஒரு மனிதன் செய்து முடித்ததை மட்டுமே காட்டுகிறான். அதற்குப் பின்னால் ஒரு கதவும் வைக்கவில்லை. பிசாசு என்று பெயர் சூட்டிவிட்டால் மனந்திரும்புதல் என்ற பேச்சுக்கே இடமில்லை. சிலுவையில் பக்கத்தில் தொங்கிய கள்ளனுக்குக்கூடக் கடைசி மூச்சு வரைக்கும் திறந்திருந்த கதவு அது. யோவானின் முதல் நிருபம் ஆவிகளைச் சோதித்துப் பார்க்கச் சொல்கிறது. சொன்னது நிஜமா என்பதோடு சோதனை முடிந்துவிடாது என்று இப்போது நினைக்கிறேன். குற்றம் சாட்டுவது சாத்தானின் தொழில் என்றுதான் வேதாகமம் சொல்கிறது. அந்தக் குற்றச்சாட்டுகள் எல்லாம் பொய் என்று அது எங்கும் சொல்லவில்லை.

இதையெல்லாம் தம்பி மகனிடம் சொன்னபோது அவன் ஒரு கேள்வியால் மடக்கினான். “சரி அத்தை. ஃபென்டன் ஒரு பிசாசுன்னு தேவதூதன் அப்பாகிட்ட சொன்னான்ல? பிற்பாடு அவன்தானே தொடர்கொலைகாரனா ஆனான்? அப்ப சொன்னது சரிதானே?”

மகனின் பெயர் சொல்லப்பட்டபோது அந்த அப்பா கீழ்ப்படியவில்லை. என்னால் நம்ப முடியவில்லை என்று அழுகிறார். சோதோமின் அந்நியர்களுக்காக ஐம்பது பேரில் தொடங்கிப் பத்துப் பேர் வரைக்கும் பேரம் பேசிய ஆபிரகாம், தன் மகனுக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. அந்நியர்களுக்காக ஒரு வார்த்தையும் பேசாத இந்த மெக்கானிக் மகனுக்காகத் தேவதூதனையே மறுக்கிறார். படம் அதை அவருடைய பலவீனமாகக் காட்டுகிறது. அவர் கடவுளுக்கு மிக அருகில் நின்ற கணம் அதுதான் என்பேன். அந்தச் செவிலிக்காகவும் அதே மாதிரி ஒரு தடவை மறுத்திருந்தால்?

ஆனால் மறுத்தவர் அதோடு நிற்கவில்லை. கடவுளைக் காணும்வரை வெளியே வரக்கூடாது என்று அந்தப் பிள்ளையையே தோண்ட வைத்த நிலவறைக்குள் அவனைப் போட்டுப் பூட்டினார். இருட்டில், சோறில்லாமல், நாள்கணக்கில். பன்னிரண்டு வயதுப் பையன். வெளியே வந்து கோடாலியை அவன் அப்பாவின் நெஞ்சில்தான் இறக்கினான். “அந்த நிலவறைக்குள்ள போகும்போது அவன் என்ன குத்தம் செஞ்சிருந்தான், சொல்லு” என்று கேட்டேன். “தேவதூதன் சொன்னது பலிச்சுதா, இல்ல சொன்னதாலயே அப்படி ஆனானா?”

அவன் ஒத்துக்கொள்ளவில்லை. கேமராவில் முகம் கலங்கியதற்கு என்ன பதில் என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறான். அடுத்த முறை வரும்போது நடபடிகள் 9-ஐ வாசித்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன்.