அன்னமும் அமைதியும்

பரம்பொருளை அறிய விரும்பிய பிருகு, தந்தை வருணரை அணுகினார். தவம் செய்யுமாறு தந்தை பணித்தார். அத்தவத்தின் முதற்படியில் பிருகு பிரம்மமாகக் கண்டது அன்னத்தை. பின்னர் பிராணன், மனம், விஞ்ஞானம் எனக் கடந்து ஆனந்தத்தை உணர்ந்தார். தைத்திரீய உபநிஷதம் அத்துடன் நிற்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது. ஆனந்தத்தைக் கூறிய பின்பும் அது அன்னத்திற்கே திரும்புகிறது. அன்னத்தை இகழாதிருத்தல், மிகுதியாக விளைவித்தல், இடம் நாடி வந்தவரைத் திருப்பி அனுப்பாதிருத்தல் ஆகியவற்றை விரதங்களாக விதிக்கிறது.

பகை மூண்ட நிலத்தில் இவ்விரதம் என்ன செய்யும்? ஹைதராபாத்திற்கு அண்மையிலுள்ள போச்சம்பள்ளி இதற்குச் சான்று.

தேஷ்முக்குகளின் நிலக்குவிப்பையும், ‘வெட்டி’ எனப்பட்ட கூலியற்ற கட்டாய உழைப்பையும் எதிர்த்து, 1946இல் தெலங்கானா உழவர்கள் ஆயுதம் ஏந்தினர். 1948 செப்டம்பரில் இந்தியப் படை நுழைந்து நிஜாமின் ஆட்சி முடிவுற்றது. கிராமங்களிலோ குருதி சிந்துவது நிற்கவில்லை. 1951 ஏப்ரலில் ஹைதராபாத்தை அடுத்த சிவராம்பள்ளியில் நடந்த சர்வோதய மாநாட்டிற்கு, வார்தாவை அடுத்த பவனாரிலிருந்து வினோபா பாவே நடந்தே வந்தார். ஹைதராபாத் சிறையிலிருந்த கம்யூனிஸ்ட் கைதிகளைச் சந்தித்த பின், கலவரப் பகுதிகளுக்குள் நடக்கலானார்.

ஏப்ரல் 18 அன்று போச்சம்பள்ளியில் 40 ஹரிஜனக் குடும்பத்தினர் அவரிடம் வந்தனர். அவர்கள் பழிவாங்கலைக் கோரவில்லை, பணத்தையும் கோரவில்லை. உழுது உண்ண 80 ஏக்கர் நிலம் கேட்டனர். குடும்பத்திற்கு இரண்டே ஏக்கர்! பசி தன் அளவை அறிந்திருந்தது, அளவறியாதது பேராசையே. அரசிடம் சொல்வதாகக் கூறிய வினோபா, கூடியிருந்தோரிடமும் கேட்டுப் பார்த்தார். வெதிரே ராமச்சந்திர ரெட்டி என்ற நிலவுடைமையாளர் எழுந்து 100 ஏக்கர் தருவதாக அறிவித்தார். அன்றிரவு வினோபாவுக்கு உறக்கம் வரவில்லை. நிகழ்ந்ததை இறைவனின் குறிப்பாகவே அவர் கொண்டார்.

பசிக்கும் போருக்கும் உள்ள தொடர்பை ஐ.நா. பாதுகாப்பு அவை 2018ஆம் ஆண்டு 2417ஆம் தீர்மானத்தில் ஏற்றுக்கொண்டது. 2020இல் அமைதிக்கான நோபல் பரிசு உலக உணவுத் திட்டத்திற்கு வழங்கப்பட்டது. ஆயினும் வந்து சேரும் உணவு மூட்டை ஒன்று. விளைவிக்கும் உரிமை வேறொன்று. முன்னது உயிரைக் காக்கும். பின்னதே மனிதனின் தலையை நிமிர்த்தும்.

பூதானம் குறையற்றதன்று. தரப்பட்டவற்றுள் பாறையும் தரிசும் இருந்தன. பல நிலங்கள் உரியவர் கைக்குச் சென்று சேரவேயில்லை. கொடையோடு நின்றால் விரதம் பாதியே நிறைவேறும்; விதையும் நீரும் சேர்ந்தால்தான் விளைச்சல். வினோபாவும் ஒரு கொடையோடு நின்றுவிடவில்லை. மறுநாள் அடுத்த ஊருக்கு நடந்தார். அங்கும் நிலமற்றோருக்காகக் கைநீட்டினார். அந்தத் தெலங்கானா யாத்திரை நிறைவுற்றபோது ஏறத்தாழ 12,000 ஏக்கர் சேர்ந்திருந்தது.