பணிவின் உரைகல்

ஆன்மிகத் தலைவர் ஒருவர் பதவியை மறுத்துவிட்டால் அதுவே பணிவாகுமா? மறுப்பிலும் அகந்தை ஒளிந்திருக்கக்கூடும்.

கோவாவில் 1651-இல் பிறந்த யோசேப் வாஸ் அடிகளார், டச்சுக்காரர் ஆட்சியில் கத்தோலிக்க சமயம் தடைசெய்யப்பட்டிருந்த யாழ்ப்பாணத்திற்கு 1687-இல் ஏழையின் கோலத்தில் சென்றார், தமிழ் கற்றார். பிறகு கண்டியில் ஒற்றர் என்று ஐயுற்று அவரைச் சிறையிட்டனர். அதே கண்டியில் 1697-இல் பெரியம்மை பரவியது. மன்னரும் நகரை நீங்கினார். உற்றாராலும் கைவிடப்பட்டவர்களின் புண்களைக் கழுவி உணவூட்டினார் அடிகளார். பின்னாளில் ஆயர் பதவி தேடிவந்தது, அவர் ஏற்கவில்லை. 1711-இல் கண்டியிலேயே மறைந்தார். 2015-இல் புனிதராக அறிவிக்கப்பட்டார்.

பதவியை மறுத்ததால் அவர் பணிவுடையவர் ஆகிவிடவில்லை. நோயாளியின் அருகில் அமர்ந்தபோதே 'நான்' கரைந்துவிட்டது. அதன்பின் பதவிக்கு அங்கு இடமேது?

தலைமை தாங்குவோர் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்றே: எல்லோரும் விலகும் வேளையில் நான் எங்கே இருப்பேன்?