வாங்குகிறவன் பங்கு

ஒரு பண்டம் எப்படி விளைந்தது என்பது அந்தப் பண்டத்தோடு சேர்ந்ததா, இல்லையா? இல்லை என்பதுதான் உலக வர்த்தகச் சட்டத்தின் பழைய நிலை. டால்ஃபின்கள் சிக்கிச் சாகும் வலையில் பிடித்ததானாலும் சூரை சூரைதான் என்ற கணக்கில், 1991இல் காட் (GATT) எனும் வர்த்தக உடன்படிக்கையின் விசாரணைக் குழு அமெரிக்காவின் இறக்குமதித் தடையை ஏற்கவில்லை. சுவிட்சர்லாந்து இந்தக் கேள்வியை ஒப்பந்தத்துக்குள்ளேயே கொண்டுவந்தது. ஐஸ்லாந்து, நார்வே, லிக்டன்ஸ்டைனோடு சேர்ந்து 2018 டிசம்பரில் இந்தோனேசியாவுடன் அது செய்துகொண்ட தடையில்லா வர்த்தக ஒப்பந்தத்தின்படி, பாமாயிலுக்குச் சுங்கச் சலுகை வேண்டுமென்றால் அது காட்டை அழிக்காமல் விளைந்தது என்று காட்ட வேண்டும். எண்ணெய் 22 டன் தொட்டிகளில் தனியாக வர வேண்டும். கப்பலில் மொத்தமாகக் கலந்துவிட்டால் எது எந்தத் தோட்டத்து எண்ணெய் என்று அப்புறம் யார் சொல்வது? 2021 மார்ச்சில் சுவிட்சர்லாந்தில் நடந்த பொதுவாக்கெடுப்பில் 51.6 சதவீதம் பேர்தான் இந்த ஒப்பந்தத்துக்குச் சம்மதித்தார்கள்.

இந்த நிபந்தனை நியாயமானது என்பேன். கொன்ற பாவம் தின்றவனுக்கு இல்லை என்ற வாதத்தை வள்ளுவர் புலால் மறுத்தலில் மறுத்தபோது, சந்தையில் விலை கொடுப்பவனைத்தான் காரணமாகக் காட்டினார். வரியைக் குறைக்கும் அரசும் விலை கொடுக்கிற ஒரு தரப்புதான். உள்ளூர் ரேப்சீட் எண்ணெய்வித்து விவசாயியைக் காப்பாற்றும் தந்திரம் இது என்பார்கள். அதிலும் உண்மை உண்டு. சலுகைக்கு அளவு வைத்திருக்கிறார்கள், வரியும் முழுதாகப் போகவில்லை. ஆனால் நோக்கத்தில் சுயநலம் கலந்ததாலேயே காரணம் பொய்யாகிவிடாது.

கனமான ஆட்சேபம் இன்னொன்று: சுமத்ராவில் இரண்டு ஹெக்டேர் வைத்திருப்பவர் சான்றிதழுக்கு எங்கே போவார்? இதற்கு இறால் வழக்கில் விடை இருக்கிறது. ஆமைகளைக் காக்காத வலையில் பிடித்த இறாலை அமெரிக்கா தடுத்தபோது இந்தியா, தாய்லாந்து, மலேசியா, பாகிஸ்தான் நான்கும் உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போட்டன. ஆமையைக் காப்பது குற்றமல்ல என்றது 1998ஆம் ஆண்டுத் தீர்ப்பு. கரீபியன் பக்கத்து நாடுகளுக்குக் கொடுத்த அவகாசத்தையும் தொழில்நுட்ப உதவியையும் இவர்களுக்குக் கொடுக்காததுதான் தவறு என்றது. அந்த அளவுகோலை இங்கே வைத்தால், சான்றிதழ்ச் செலவில் ஒரு பங்கு சுவிஸ் கடைக்காரரின் கணக்கில் ஏற வேண்டும்.