மன்னித்த நெஞ்சிலும் வடு இருக்கும்



மயிலாப்பூரில் எனக்குத் தெரிந்த வீட்டில் யாழ்ப்பாணத்து உம்மா ஒருவர் மகளோடு இருக்கிறார். தெருவில் ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ வந்தால் போதும். கைவேலையைப் போட்டுவிட்டுப் பேரப்பிள்ளைகளைச் சேர்த்தணைத்துக்கொள்வார்.

காரணம் உண்டு. 1990 அக்டோபர் 30 அன்று யாழ்ப்பாணத்து முஸ்லிம் தெருக்களில் ஒலிபெருக்கியில்தான் அறிவிப்பு வந்தது. உஸ்மானியாக் கல்லூரியருகே கூடச் சொன்ன விடுதலைப் புலிகள், இரண்டு மணி நேரத்தில் ஊரைவிட்டு வெளியேறக் கட்டளையிட்டார்கள். பணத்தையும் நகையையும் பறித்துக்கொண்டார்கள். அந்த நாட்களில் வட மாகாணத்திலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்கள் ஏறக்குறைய 75,000 பேர். பெரும்பாலோர் புத்தளத்தில் ஓலைக் குடிசைகளில் ஒதுங்கினார்கள்.

2009 மே மாதம் போர் முடிந்தது. செய்தி கேட்டு அந்த உம்மா ஷுக்ருக்காக இரண்டு ரக்அத் தொழுதார். ஸலாம் கொடுத்ததும் தேம்பி அழுதார். தம் வீட்டில் சோறுண்டு வளர்ந்த பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் முள்ளிவாய்க்காலில் மடிந்தவர்களில் இருப்பார்களோ என்ற கலக்கம். நன்றியும் துக்கமும் ஒரே முஸல்லாவில்!

“யுத்தந்தான் முடிந்துவிட்டதே மாமி, இன்னும் என்ன பயம்?” என்று மருமகன் அன்பாகத்தான் கேட்கிறார். நாமும் இப்படித்தான் கேட்கிறோம். அழுதால் ஸப்ரு இல்லை, ஈமானில் பலவீனம் என்றுகூடச் சொல்லிவிடுகிறோம்.

சற்றுச் சிந்தியுங்கள். ஹிஜ்ரி 3-ல் உஹதுப் போரில் அண்ணல் நபி (ஸல்) அவர்களின் சிறிய தந்தை ஹம்ஸா (ரலி) அவர்களை ஈட்டி எறிந்து கொன்றவர் வஹ்ஷி. மக்கா வெற்றிக்குப் பின் அவர் இஸ்லாத்தை ஏற்று நாயகத்தின் முன் வந்து நின்றார். நாயகம் பழி வாங்கவில்லை. அவரது இஸ்லாத்தை ஏற்றுக்கொண்டார்கள். ஆனால், உம் முகத்தை என் கண்ணில் படாமல் வைத்துக்கொள்ள இயலுமா என்று கேட்டார்கள். ஆண்டுகள் கடந்தும் ஹம்ஸாவின் நினைவு அப்படி வலித்தது. மன்னித்ததும் மெய், வலித்ததும் மெய்.

யஃகூப் (அலை) அவர்களோ மகனை நினைத்துக் கண்கள் வெளுக்குமளவு துயருற்றார்கள். ஆயினும் அழகிய பொறுமைக்கு அவர்களையே திருமறை எடுத்துக்காட்டுகிறது. கண்ணீர் ஸப்ரை முறிக்காது.

ஆகவே, பாதிக்கப்பட்டோரிடம் ‘மறந்துவிடு’ என்னாதீர்கள். அருகில் அமருங்கள், சொல்வதைக் கேளுங்கள். உறக்கமின்றித் தவித்தால் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள், அதில் வெட்கமில்லை. பாதிக்கப்பட்டோரே! நடந்ததைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். பகையை மட்டும் சொத்தாக எழுதி வைக்காதீர்கள்.

எல்லாம் வல்ல அல்லாஹ் உடைந்த உள்ளங்களுக்கு ஆறுதல் அருள்வானாக! ஆமீன்.