பூட்டிவிட்டு டீ குடிக்கப் போனவன்

'நான் யாருக்கும் ஒரு கெடுதலும் பண்ணினது இல்லை சார்!'

இந்த வசனத்தைச் சொல்லாத மனிதர் யாரையாவது பார்த்திருக்கிறீர்களா? நீங்களும் சொல்லியிருப்பீர்கள். நானும் சொல்லியிருக்கிறேன். 2003-ல் ஒரு மத்தியானம் வரைக்கும் அதை நம்பிக்கொண்டும் இருந்தேன்.

அப்போது நான் சாஃப்ட்வேர் ஆசாமி. பொதுமக்கள் பணம் கட்டும் ஓர் அலுவலகத்தில், எங்கள் புரோகிராமைப் பார்த்துக்கொள்ளும் வேலை. வெளியே ஹாலில் ஆறு கவுன்ட்டர்கள். பின்னறையில் நானும் ஒரு கம்ப்யூட்டரும்.

நடந்ததைச் சொல்வதற்கு முன் ஒரு சின்ன விளக்கம். பயப்படாதீர்கள், சுலபம்தான்.

ஊரில் இருக்கும் அம்மாவுக்கு பேங்க் மூலம் 5,000 ரூபாய் அனுப்புகிறீர்கள். கம்ப்யூட்டருக்கு இது இரண்டு வேலை. உங்கள் கணக்கில் கழிக்க வேண்டும், அம்மா கணக்கில் கூட்ட வேண்டும். கழித்து முடித்து, கூட்டுவதற்குள் கரன்ட் போனால்? பணம் அந்தரத்தில்! அதனால் இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுவார்கள். நடந்தால் இரண்டும் நடக்கட்டும். இல்லையென்றால் எதுவுமே வேண்டாம். இந்த மூட்டைக்குப் பெயர் ட்ரான்ஸாக்‌ஷன். அது முடியும்வரை வேறு யாரும் அந்தக் கணக்கில் கை வைக்காதபடி போடுவது லாக். அதாவது, பூட்டு. கணக்கில் ஒரு வரியை மட்டும் பூட்டலாம். கணக்கு மொத்தமும் இருக்கிற டேபிளையே கூடப் பூட்டலாம்.

வேலை முடிந்தால் 'கமிட்' என்று சொல்ல வேண்டும். எழுதியது எழுதியதுதான். சரிப்படவில்லை என்றால் 'ரோல்பேக்'. எதுவுமே நடக்காத மாதிரி பழைய நிலைக்குப் போய்விடும். இரண்டில் எதைச் சொன்னாலும் பூட்டு திறந்துகொள்ளும்.

இந்தப் பூட்டை எப்போது போடலாம், எப்போது விடலாம் என்பதற்கு 1976-ல் ஐ.பி.எம். ஆராய்ச்சியாளர்கள் நான்கு பேர் (ஈஸ்வரன், ஜிம் கிரே, லோரி, ட்ரெய்கர்) ஒரு விதி எழுதினார்கள். வேண்டிய பூட்டுகளைப் போட்டுக்கொண்டே போகலாம். ஆனால், ஒன்றைத் திறந்துவிட்டால் அதற்கப்புறம் புதிதாக எதையும் பூட்டக் கூடாது. போஸ்ட்கிரஸ் என்ற டேட்டாபேஸில் டேபிளைப் பூட்டக் கட்டளை உண்டு. திறக்கத் தனிக் கட்டளையே கிடையாது! எடுத்த காரியத்தை முடி, அல்லது கைவிடு. பூட்டு தானாகத் திறக்கும்.

ஆக, பிடித்துக்கொள்வது பாவம் இல்லை. பொறுப்புள்ளவன் பிடித்துக்கொண்டுதான் ஆக வேண்டும். பாதியில் விட்டால்தான் கணக்கு உதைக்கும்.

இனி, அந்த மத்தியானம்.

பழைய பாக்கித் தொகைகளில் ஒரு திருத்தம். கட்டளையை அடித்தேன். ஆயிரக்கணக்கான வரிகள் மாறியதாகத் திரையில் பதில் வந்தது. அத்தனை வரிகளில் கை வைத்ததால் டேட்டாபேஸ் மொத்த டேபிளையும் பூட்டிக்கொண்டது. எல்லாம் சரியா என்று பார்த்துவிட்டு 'கமிட்' அடிக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து நண்பர் கதவைத் தட்டி, ''டீ சாப்பிடப் போலாமா?'' என்றார்.

போனேன். டீ, அப்புறம் வடை, அப்புறம் கிரிக்கெட். அரை மணி நேரம்.

திரும்பி வந்தால், ஹாலில் நிற்க இடம் இல்லை. ஆறு கவுன்ட்டரும் ஸ்தம்பித்துவிட்டன. லுங்கி கட்டிய பெரியவர் ஒருவர், ''அரை நாள் கூலியை விட்டுட்டு வந்து நிக்கிறேம்மா'' என்று சொல்ல, கவுன்ட்டர் பெண்மணி அழாத குறை. ''எங்க மேல என்னய்யா தப்பு? கம்ப்யூட்டர் வரலை'' என்கிறார். நானும் பதறிப்போய் உள்ளே ஓடினேன். என் திரையில் கர்சர் சிமிட்டிக்கொண்டிருந்தது. நான் விட்டுப்போன அதே இடத்தில்.

'கமிட்' அடித்தேன். ஒரு நொடி. ஆறு பிரின்டர்களும் சேர்ந்து கிறீச்சிட்டன.

''சார் வந்தாரு, சரியாயிடுச்சு!'' என்றார் அந்தப் பெண்மணி. எனக்கு காபி வரவழைத்துக் கொடுத்தார். நான்தான் பூட்டியவன் என்று நான் சொல்லவில்லை. காபியைக் குடித்தேன்.

இன்றுவரை உறுத்துவது, பூட்டியது அல்ல. அந்த காபி!

யோசித்துப் பாருங்கள். அந்த அரை மணி நேரம் நான் யாருக்கு என்ன செய்தேன்? ஒன்றுமே செய்யவில்லை. சும்மாதான் இருந்தேன். ஆனால் கையில் பூட்டை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன். போஸ்ட்கிரஸில் இப்படிப்பட்டவருக்கு ஒரு பெயரே உண்டு: 'ஐடில் இன் ட்ரான்ஸாக்‌ஷன்'. காரியத்தின் நடுவில் சும்மா இருப்பவர்!

இதில் ஒரு வேடிக்கை. மை-எஸ்.க்யூ.எல். டேட்டாபேஸில், நாமாக மாற்றாத வரை, ஒரு வரிக்காகக் காத்திருப்பவருக்குக் கெடு 50 விநாடி. டேபிளுக்காகக் காத்திருப்பவருக்கு 3,15,36,000 விநாடி. கணக்குப் போட்டால் சரியாக ஒரு வருஷம்! இந்தக் கெடுவெல்லாம் யாருக்கு? காத்திருப்பவருக்கு. பூட்டிவிட்டு வடை தின்கிறவரை அது ஒரு கேள்வியும் கேட்பதில்லை. சும்மா இருப்பவரை வெளியே தள்ளும் வசதி போஸ்ட்கிரஸில் 2016-ல்தான் வந்தது. அதுவும் நாமாக நேரம் குறித்து வைத்தால்தான்.

நம் உலகமும் இப்படித்தான் இருக்கிறது. ஃபைலை மூன்று வாரம் மேஜையில் வைத்திருந்து கையெழுத்துப் போடுபவருக்கு நாம் கும்பிட்டு நன்றி சொல்கிறோம். பெண் பார்த்துவிட்டு வந்து, 'கலந்து பேசிட்டுச் சொல்றோம்' என்று போனவர்கள், மூன்று மாதம் கழித்தும் பேசுவதில்லை. அந்த வீட்டில் வேறு வரனும் பார்க்க முடியாமல் ஒரு குடும்பம் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. காலி செய்தவரின் அட்வான்ஸை, 'அடுத்த வாரம் பார்க்கலாம்' என்கிற வீட்டுக்காரர், பாகப் பத்திரத்தில் கையெழுத்துப் போடவும் மாட்டேன், மறுக்கவும் மாட்டேன் என்கிற அண்ணன்... இவர்களில் யாரைக் கேட்டாலும், 'நான் யாருக்கும் ஒரு கெடுதலும் பண்ணலையே' என்பார்கள். நிஜமாகவே அப்படி நம்புவார்கள். ஏனென்றால், பூட்டின் கனம் பூட்டியவருக்குத் தெரிவதில்லை. வரிசையில் நிற்பவருக்குத்தான் கால் வலிக்கும்.

ஒன்றும் செய்யாமல் இருப்பது தவறா? கையில் எதுவும் இல்லாதவருக்கு இல்லை. அடுத்தவர் காரியம் நம் கையில் மாட்டியிருக்கும்போது, சும்மா இருப்பதும் ஒரு செயல்தான்.

முடிக்க முடியாவிட்டால்கூடப் பரவாயில்லை. ரோல்பேக்கும் பூட்டைத் திறக்கும் என்பதை மறக்காதீர்கள். 'எங்களுக்குச் சரிப்படாதுங்க' என்று மரியாதையாகச் சொல்லும் ஒரு வார்த்தை, அந்த வீட்டுக்கு அன்றைக்கு வலிக்கும். மறுநாள் அவர்கள் வேறு வரன் பார்க்கப் போகலாம்.

இன்று ராத்திரி விளக்கை அணைக்கும் முன் ஒரு நிமிஷம் யோசியுங்கள். உங்கள் 'சரி'க்கோ, 'வேண்டாம்' என்பதற்கோ எங்கேயாவது யாராவது நின்றுகொண்டிருக்கிறார்களா? இருந்தால், நாளைக் காலையில் முதல் வேலையாகப் போன் பண்ணிவிடுங்கள்.

அவர்கள் நன்றி சொல்லி காபி கொடுத்தால் மட்டும், குடிப்பதற்கு முன் ஒரு 'ஸாரி' சொல்லிவிடுங்கள். நான் சொல்லத் தவறியது அது.