குணமாகாத நோய்க்குச் சிகிச்சை எதற்கு?

கம்பம் பள்ளத்தாக்கின் ஊர் ஒன்றில் நோயாளி ஒருவரை நலம் விசாரிக்கச் சென்றிருந்தோம். உணவுக் குழாயில் புற்றுநோய், முற்றிவிட்டது. கஞ்சித் தண்ணீரும் இறங்கவில்லை. தம் எச்சிலையே விழுங்க முடியாமல் துப்பிக்கொண்டிருந்தார். மூத்த மகன் நம்மைத் திண்ணைக்கு அழைத்து வந்து கேட்டார்: "ஹஜ்ரத், மதுரைக்குப் போனால் உள்ளே குழாய் வைப்பார்களாம். ஆனால் நோய் குணமாகாதாம். பிறகு அத்தாவை ஏன் அலைக்கழிக்க வேண்டும்? ஸப்ரு செய்வதுதானே மேல்?"

இன்று பல இல்லங்களில் எழும் கேள்வி இது. எண்டோஸ்கோப்பிக் கருவியை வாய் வழியே செலுத்தி, கட்டி அடைத்த இடத்தில் உலோக வலைக் குழாய் ஒன்றை விரியவிடுகிறார்கள். உணவுக்கு வழி திறக்கும். கட்டி அப்படியே இருக்கும். பித்தக் குழாய் அடைபட்டுக் காமாலையாலும் அரிப்பாலும் துடிப்பவர்களுக்கும் இவ்வாறு குழாய் வைப்பதுண்டு. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் டாக்டர் நிப் சோகேந்திரா அம்முறையை 1979-ல் அறிவித்தார்.

நோய் நீங்காதபோது வேதனையை மட்டும் நீக்கிக்கொள்வது ஸப்ருக்கு மாறானதா?

ஸஹீஹுல் புகாரியில் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் வாயிலாக வந்துள்ள செய்தியைச் சிந்திப்போம். வலிப்பு நோயுள்ள பெண்மணி ஒருவர் நாயகம் (ஸல்) அவர்களிடம் துஆ வேண்டினார். பொறுத்துக்கொண்டால் சுவனம், விரும்பினால் குணமடைய துஆ என இரண்டையும் நாயகம் (ஸல்) அவர்கள் முன்வைத்தார்கள். அவர் பொறுமையையே ஏற்றார். ஆனால் வலிப்பின்போது ஆடை விலகுகிறதே, அது நேராதிருக்க துஆச் செய்யுங்கள் என்றார். அவ்வாறே துஆச் செய்தார்கள். நோய் இருந்தது, அதன் இழிவு நீங்கியது. பொறுமையும் நிவாரணமும் ஒரே இடத்தில் கூடின அல்லவா!

எனினும் வற்புறுத்தல் கூடாது. வலி, இரத்தக் கசிவு, குழாய் இடம் பெயர்தல் போன்ற தொல்லைகள் நேரலாம். மருந்தை மறுத்தவர் பாவியல்லர் என்பதே நம் ஹனஃபி ஃபிக்ஹின் நிலை. ஆகவே, திண்ணையில் மகன்கள் கூடி முடிவு செய்யாமல், உண்மையைச் சொல்லி நோயாளியிடமே கேட்க வேண்டும். இதையே அம்மகனிடம் கூறினோம்.

அவர் கேட்டார். அத்தா சம்மதித்தார். குழாய் வைத்துத் திரும்பியபின் ஒரு கோப்பைக் கஞ்சியை நிமிர்ந்து உட்கார்ந்து குடித்தார். பிறகு மகன்களை அழைத்து, கொடுக்க வேண்டிய கடன்களை ஒவ்வொன்றாக எழுதச் சொன்னார். இரண்டு மாதங்களில் வஃபாத்தானார்.

அந்த இரண்டு மாதங்களை வீண் என்று யார் சொல்வார்? நோயுற்றோர் யாவரின் வேதனையையும் அல்லாஹ் இலேசாக்குவானாக! ஆமீன்.